சிறு அணு நுரையீரற் புற்றுநோய்: கூட்டு மருந்துகளின் முதற்கட்டச் சோதனை

நுரையீரலில் தோன்றும் புற்றுநோய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றுள் சிறு அணுப் புற்றுநோய் என வழங்கும் வகை, நூறு நுரையீரற் புற்றுநோய்களில் ஏறக்குறைய 13 முதல் 15 வரையே காணப்படுவது; ஆயினும் பரவும் வேகத்தில் ஏனைய வகைகளை அது எளிதில் விஞ்சிவிடும். உருப்பெருக்கியின் கீழ் இதன் அணுக்கள் சிறியனவாயும் நெருங்கியும், ஓட்ஸ் தானிய மணிகளைக் குவித்து வைத்தாற்போலத் தோன்றும். மார்பின் நடுப்பகுதியில் பெருங்கட்டியாகத் திரள்வதால் இது நெடுங்காலம் வேறொரு நோயாகவே எண்ணப்பட்டு வந்தது. நுரையீரலிலேயே பிறக்கும் புற்று இதுவென 1926-ஆம் ஆண்டில் பார்னார்டு என்னும் பிரிட்டிஷ் அறிஞர் எடுத்துக்காட்டினார். புகை பிடிப்போரிடமும் முன்னர்ப் பிடித்து விட்டவரிடமுமே இது பெரும்பாலும் காணப்படுகிறது.

இதன் வேகத்தைக் கரும்பலகையில் ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறு 30 முறை இரட்டித்தால் தொகை 107 கோடியைத் தாண்டும். அத்தனை அணுக்கள் சேர்ந்த பின்னரே ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ள, எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தென்படக்கூடிய கட்டி உருவாகிறது. மேலும் 10 முறை இரட்டித்தால் எடை ஒரு கிலோகிராமாகிவிடும். ஆகவே மருத்துவர் கண்ணுக்குப் புலப்படுவது இந்நோயின் வளர்ச்சியில் கடைசிக் காற்பங்கே எனலாம். சிறு அணுப் புற்றில் ஒருமுறை இரட்டிப்பதற்கு ஒரு மாத காலமே போதுமானதாக இருப்பதுண்டு. நோய் கண்டறியப்படும்போதே மூவரில் இருவருக்கு அது மறுபக்க நுரையீரலுக்கோ, கல்லீரல், எலும்பு, மூளை முதலிய தொலை உறுப்புகளுக்கோ பரவியிருப்பதன் காரணம் இதுவே.

பரவிவிட்ட நோயைக் கத்தியால் அகற்ற இயலாது. 1960-களில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அறுத்து அகற்றக்கூடிய நிலையிலிருப்பதாகக் கருதப்பட்ட 144 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றதற்குக் கதிர்வீச்சும் அளித்துப் பார்த்தது. கதிர்வீச்சுப் பெற்றவரே சற்றுக் கூடுதலான நாட்கள் வாழ்ந்தனர். எனினும் இரு பிரிவிலும் பத்தாண்டு கடந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. எனவே இரத்தத்துடன் கலந்து உடலெங்கும் செல்லும் மருந்தொன்றையே நம்ப வேண்டியதாயிற்று. சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து, பரவிய நோயுள்ளவரின் வாழ்நாளை வெற்று மருந்து பெற்றவரினும் இருமடங்குக்கு மேலாக நீட்டியது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1969-இல் வெளியிட்டனர். கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றலாம். ஒன்றரை மாதம் நான்கு மாதமாயிற்று என்பதே அதன் பொருள்.

ஒரு மருந்து போதாதாயின் இரண்டைச் சேர்த்தால் என்ன என்னும் எண்ணம் புற்றுநோய் ஆராய்ச்சியில் முதலில் பிறந்ததன்று. காச நோய்ச் சிகிச்சையே அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. ஸ்ட்ரெப்டோமைஸினைத் தனியே கொடுத்தபோது நோயாளர் முதலில் தேறினர். சில மாதங்களில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. பாஸ் என்னும் மருந்தையும் உடன் கொடுத்ததும் அவ்வாறு பெருகுவது வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றதில் அகப்படும் என்பதே இதிலுள்ள நியாயம். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காச நோய் மருந்துச் சிகிச்சை மையம், ஐசோனயஸிட், பாஸ் ஆகிய இரண்டையும் சேர்த்து வீட்டிலேயே கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தாலும் பயன் ஏறக்குறைய ஒன்றே என 1959-இல் உலகுக்குக் காட்டியதைப் பலர் அறிவர். அமெரிக்காவில் பிரை, பிரைரிக், ஹாலண்டு முதலியோர் காச நோயின் இந்தப் பாடத்தை மனத்திற்கொண்டு, 1960-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்து, அதுவரை காணாத பயனைப் பெற்றனர்.

ஆயினும் கிருமிக்கும் புற்றணுவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சோதனையின் சங்கடமெல்லாம் அதிலிருந்தே கிளைக்கிறது. கிருமி அந்நியமானது. புற்றணு நோயாளியின் சொந்த அணுவே. விரைந்து பிரியும் அணுக்களைக் கொல்லும் மருந்து, விரைந்து பிரியும் எலும்பு மஜ்ஜையையும், குடலின் உட்சவ்வையும், மயிர்க்கால்களையும் தாக்காமல் விடுவதில்லை. குணம் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. மருந்து இரண்டானால் அந்த இடைவெளி மேலும் குறுகும். ஆதலின் சேர்க்கையைத் தேர்வோர் முதலில் பார்ப்பது, இரண்டும் ஒரே உறுப்பை வருத்துகின்றனவா என்பதையே. ஸிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் நரம்பையும் வருத்தும், கடும் வாந்தியை உண்டாக்கும். மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது. எட்டோபொஸைட் மஜ்ஜையை வருத்தும். சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடாது. 1980-களில் இவ்விரண்டும் இணைந்து சிறு அணுப் புற்றுக்கு அடிப்படைச் சிகிச்சையாக நிலைபெற்றதற்கு இப்பொருத்தமும் ஒரு காரணம். முதல் நாளில் ஸிஸ்பிளாட்டினும் முதல் மூன்று நாட்களில் எட்டோபொஸைடும் ஏற்றி, 21 நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு முதல் ஆறு சுற்றுகள் கொடுப்பது வழக்கம். இன்று பல இடங்களில் ஸிஸ்பிளாட்டினுக்கு மாற்றாகக் கார்போபிளாட்டின் வழங்கப்படுகிறது.

புதிய சேர்க்கை ஒன்றை மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் சோதனையில், 'குணமாகுமா' என்பது முதற்கேள்வியன்று. 'எவ்வளவு வரை தாங்கும்' என்பதே முதற்கேள்வி. இதற்கெனப் பல்லாண்டுகளாகக் கையாளப்பட்டு வரும் முறை மிக எளியது. தீங்கிராது எனக் கருதப்படும் சிறிய அளவில் மூன்று நோயாளருக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. ஒரு சுற்று முடியும் வரை அவர்களுடைய வெள்ளணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியன கூர்ந்து கவனிக்கப்படுகின்றன. எவ்வகைத் தீங்கு நேர்ந்தால் அளவைக் கூட்டக்கூடாது என்பது முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய தீங்கு மூவரில் ஒருவருக்கும் நேராவிடில் அடுத்த மூவருக்கு அடுத்த படியின் அளவு. ஒருவருக்கு நேர்ந்தால் அதே அளவில் இன்னும் மூவர் சேர்க்கப்படுவர். அறுவரில் அவ்வொருவரோடு நின்றால் மேலே செல்லலாம். இருவருக்கு நேர்ந்துவிட்டால் ஏறுவது நிற்கும். அதற்குக் கீழ்ப்படியே தாங்கக்கூடிய உச்ச அளவு எனக் கொள்ளப்படும்.

முறை எளியதாயினும் அதன் தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். உண்மையில் நூற்றுக்கு 30 பேரை வருத்தக்கூடிய அளவு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூவரும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 34. ஒருவர் மட்டும் வருந்தி, பின்வரும் மூவரும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 15. இரண்டையும் கூட்டினால், அந்த அளவு தடையின்றி அடுத்த படிக்கு வழிவிடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. மூன்று பேரையும் ஆறு பேரையும் வைத்துச் செய்யும் தீர்ப்பின் இயல்பு அது. இதற்காகவே, முந்திய நோயாளர் அனைவரின் அனுபவத்தையும் கணிதத்தால் ஒருங்கு திரட்டி அடுத்த அளவைத் தீர்மானிக்கும் புதிய முறைகள் இப்போது மிகுதியாகக் கையாளப்படுகின்றன.

சேர்க்கையில் வேறொரு சிக்கலும் உண்டு. உச்ச அளவை மீறியதும் எந்த மருந்தைக் குறைப்பது? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை, பின்னர் வரும் நூற்றுக்கணக்கான நோயாளரின் கதியை நிர்ணயிக்கக்கூடும். லர்பினெக்டிடின் என்னும் மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. முதற் சிகிச்சைக்குப் பின் நோய் மீண்டவர் 105 பேருக்கு இது தனியே, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 3.2 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டபோது நூற்றுக்கு 35 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2020-இல் அமெரிக்க அரசு இதற்கு விரைவு அனுமதி வழங்கியது. இதற்கிடையே டாக்ஸோரூபிஸினுடன் இதைச் சேர்த்துச் செய்த முதற்கட்டச் சோதனையிலும் கட்டிகள் நன்கு சுருங்கின. ஆனால் இரண்டும் மஜ்ஜையை வருத்துவன ஆதலால் அளவைக் குறைக்க நேரிட்டது. 613 பேரைக் கொண்ட பெருஞ்சோதனையில் லர்பினெக்டிடின் 2 மில்லிகிராமாகவே சேர்க்கப்பட்டது. நோயாளரில் சரிபாதியினர் உயிருடனிருந்த காலம், அதாவது இடைநிலை வாழ்நாள், புதிய சேர்க்கையில் 8.6 மாதமும் பழைய சிகிச்சையில் 7.6 மாதமுமாக இருந்தது. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடியதே எனக் கணக்கியலார் கூறினர்.

மருந்து பயனற்றதா, அன்றி அளவு குறைந்து போயிற்றா? அச்சோதனையைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. ஆயினும் பிற்பாடு நடந்ததைக் கவனித்தல் தகும். அதே லர்பினெக்டிடினை, மஜ்ஜையைத் தாக்காத அட்டெஸோலிஸுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துடன், 3.2 மில்லிகிராம் என்னும் முழு அளவில், வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசியையும் துணைக்கொண்டு, முதற் சிகிச்சையால் நோய் அடங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்தனர். 483 பேரைக் கொண்ட அச்சோதனையின் முடிவு 2025-இல் வெளிவந்தது. அட்டெஸோலிஸுமாப் மட்டும் பெற்றவரின் இடைநிலை வாழ்நாள் 10.6 மாதம், இரண்டும் பெற்றவருக்கு 13.2 மாதம். நோயின் நிலையும் நோயாளரும் வேறாதலால் இரு சோதனைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. எனினும் துணை மருந்தைத் தேர்வதில் கண்ட வேற்றுமை தெளிவானதே.

அளவு மட்டுமன்று, அதைப் பகிர்ந்து கொடுக்கும் முறையும் முக்கியமானது. இதை 1989-இல் லண்டனிலிருந்து வெளியான ஒரு சிறு ஆய்வு போல வேறெதுவும் விளக்கியதில்லை. அதில் பங்குகொண்டோர் 39 பேரே. ஒரு பிரிவினருக்குச் சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராம் எட்டோபொஸைட் ஒரே நாளில், 24 மணி நேரமும் தொடர்ந்து ஏற்றப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அதே 500 மில்லிகிராம், நாளொன்றுக்கு 100 வீதம் ஐந்து நாட்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கட்டி சுருங்கியவர் முதற் பிரிவில் நூற்றுக்கு 10. இரண்டாவதில் நூற்றுக்கு 89. மருந்தும் ஒன்றே, மொத்த அளவும் ஒன்றே. மருந்து இரத்தத்தில் எத்தனை நேரம் போதிய செறிவுடன் நிற்கிறது என்பதில்தான் வேற்றுமை. முதற்பிரிவின் முறையை மட்டும் சோதித்திருந்தால் எட்டோபொஸைட் பயனற்ற மருந்துகளின் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

தாங்கும் அளவு தெரிந்த பின்னரே பயனுண்டா என்னும் கேள்வி வருகிறது. இந்த இரண்டாங் கட்டத்திலும் பயனற்ற மருந்தை வீணே பலருக்குக் கொடுக்கலாகாது. 1961-இல் கெஹான் என்னும் கணக்கியல் அறிஞர் இதற்கு ஓர் எளிய விதி வகுத்தார். ஐவரில் ஒருவருக்கேனும் பயன் தரும் மருந்தாயின், அது 14 பேருக்குக் கொடுத்தும் ஒருவருக்கும் பயன் தராமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 4-க்குச் சற்று மேல்தான். ஆகவே 14 பேரிலும் ஏமாற்றமாயின் அங்கேயே நிறுத்திவிடலாம். 0.8 என்பதை 14 முறை பெருக்கி மாணவரே இதைச் சரிபார்க்கலாம்.

நிறுத்துவதற்கு இவ்விதி நன்று, பாராட்டுவதற்குப் போதாது. சிறு அணுப் புற்றில் கட்டி சுருங்குவது அரிதான செயலன்று. நோய் பரவியவரிலும் முதற் சிகிச்சைக்கு நூற்றுக்கு 60 பேருக்குமேல் இணங்குவர். படத்தில் கட்டி மறைந்ததைக் கண்டு குடும்பத்தார் மகிழ்வர். சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். கட்டி சுருங்குவதை மட்டும் அளவுகோலாகக் கொண்ட சிறு சோதனைகள் அறிஞர்களைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. இப்புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் டி.எல்.எல்.3 என்னும் புரதத்தைத் தேடிச் சென்று நஞ்சைச் சேர்க்கும்படி ரோவால்பிடுஸுமாப் டெஸிரின் என்னும் மருந்து அமைக்கப்பட்டது. 2017-இல் வெளியான முதற்கட்டச் சோதனையில், அப்புரதம் மிகுந்திருந்த 26 பேரில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியதும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பெருஞ்சோதனையிலோ, பழைய மருந்தாகிய டோப்போடிகான் பெற்றவரின் இடைநிலை வாழ்நாள் 8.6 மாதமாயிருக்கப் புதிய மருந்து பெற்றவருக்கு 6.3 மாதமே கிட்டியது. 2018 டிசம்பரில் அச்சோதனையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

பெருஞ்சோதனையின் முடிவும் எல்லா நாட்டுக்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஜப்பானில் 154 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான சோதனையில், ஸிஸ்பிளாட்டினுடன் இரினோடிகான் சேர்த்தவரின் இடைநிலை வாழ்நாள் 12.8 மாதம், எட்டோபொஸைட் சேர்த்தவருக்கு 9.4 மாதம். வேற்றுமை இவ்வளவு பெரிதாக இருந்தமையால் சோதனை முன்கூட்டியே முடிக்கப்பட்டது. அமெரிக்காவில் 651 பேரிடம் அதே சேர்க்கையைச் சோதித்து 2009-இல் வெளியிட்டபோது முறையே 9.9, 9.1 மாதம் என வந்தது, வேற்றுமை பெயரளவினதே. இரினோடிகானை உடலிலிருந்து வெளியேற்றும் நொதியின் பரம்பரை வகைகள் ஜப்பானியரிடமும் அமெரிக்கரிடமும் வேறுபட்ட விகிதத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. பிற நாட்டில் நிர்ணயித்த அளவை இந்திய நோயாளருக்கு அப்படியே கொடுக்குமுன் இங்கும் சோதிக்கவேண்டும் என ஆராய்ச்சியாளர் வற்புறுத்துவது வெறும் நாட்டுப்பற்றன்று.

ஏமாற்றங்களின் நடுவே முன்னேற்றமும் இல்லாமலில்லை. 2018-இல் கார்போபிளாட்டின், எட்டோபொஸைட் ஆகியவற்றுடன் அட்டெஸோலிஸுமாப் சேர்த்ததில் 10.3 மாதம் 12.3 மாதமாயிற்று. மற்றொரு நோயெதிர்ப்பு மருந்தாகிய டர்வலுமாபும் 2019-இல் இதற்கு நிகரான பயனைக் காட்டியது. டி.எல்.எல்.3 புரதத்தைக் கைவிடாத ஆராய்ச்சியாளர், நஞ்சுக்கு மாறாக, நோயாளியின் டி அணுக்களையே புற்றணுவுடன் பிணைத்துவிடும் டார்லாடமாப் என்னும் மருந்தை ஆக்கினர். முதற்கட்டச் சோதனையில் காய்ச்சலும் இரத்த அழுத்தக் குறைவும் விளைவிக்கும் எதிர்ப்புக் கிளர்ச்சி தென்பட்டதால், முதல் நாள் 1 மில்லிகிராமும் எட்டாம் நாள் முதல் 10 மில்லிகிராமும் எனப் படிப்படியாகக் கொடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. நோய் மீண்ட 509 பேரிடம் நடந்த சோதனையில் 8.3 மாதம் 13.6 மாதமானது என 2025-இல் அறிவிக்கப்பட்டது. இதை நோயெதிர்ப்பு மருந்துகளுடனும் பிளாட்டினம் மருந்துகளுடனும் சேர்க்கும் சோதனைகள் நடைபெறுகின்றன.

இந்தியாவிலும் முதற்கட்டச் சோதனைகளை நாட்டிலேயே நடத்தும் பொருட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நிலையத் தொடரை அமைத்துள்ளது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனை, நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், சண்டிகர் முதுகலை மருத்துவ நிலையம், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி ஆகியன அதில் அடங்கும்.

இத்தகைய சோதனையில் சேரும்படி கேட்கப்படும் நோயாளியின் நிலையை ஊர்ப்புறப் பணியாளர் நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். 1991 முதல் 2002 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆதரவில் நடந்த 460 முதற்கட்டச் சோதனைகளை, 11,935 பேரின் விவரங்களுடன், பின்னர் ஆராய்ந்தனர். கட்டி சுருங்கியவர் நூற்றுக்கு 10.6 பேர், ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தொன்றும் சேர்ந்திருந்த சோதனைகளில் 17.8 பேர். மருந்தின் நச்சால் இறந்தவர் ஆயிரத்துக்கு ஐவர். இவ்வெண்கள் பலவகைப் புற்றுக்கும் பொதுவானவை; அச்சுறுத்துவனவும் அல்ல, ஆசை காட்டுவனவும் அல்ல. சோதனையில் முதலில் சேரும் மூவர் மிகச் சிறிய அளவையே பெறுவர் என்பதும், அவர்களால் கிடைக்கும் அறிவு பெரும்பாலும் பின்வருவோருக்கே பயன்படும் என்பதும் மறைக்கத்தக்க செய்திகள் அல்ல.

சோதனையில் சேர்வதற்கு நோயாளி நடமாடும் நிலையில் இருத்தல் வேண்டும். உடல் வலிமையை 0 முதல் 4 வரை அளக்கும் பட்டியலில் 0 அல்லது 1 பெற்றவரையே பெரும்பாலான சோதனைகள் ஏற்கும். படுக்கையில் விழுந்தவருக்கு இடமில்லை. நம் நாட்டிலோ இருமலும், சளியில் இரத்தமும், மெலிவும், படத்தில் நிழலும் கண்டவுடன் காச நோயென எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தபின், தேறாதவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இன்றும் நேர்கிறது. மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோயில் மூன்று மாதம் கடந்தால் கட்டி எட்டு மடங்காகிவிடும். சளிச் சோதனையில் கிருமி காணப்படாமலும், காச மருந்தால் சில வாரங்களில் தேறாமலும் இருக்கும் புகை பிடிப்பவரை, பீடியாயினும் சிகரெட்டாயினும், தாமதமின்றி மேற்சோதனைக்கு அனுப்பவேண்டும்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, நெறிக்குழுவின் ஒப்புதலின்றி எச்சோதனையும் தொடங்கலாகாது. நோயாளியின் இசைவு அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் பெறப்படவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்கவேண்டும். எப்போது வேண்டுமாயினும் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சைக்குக் குறை நேராது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் சோதனையை நடத்துவோரின் பொறுப்பு. இசைவுப் படிவத்தை யாரேனும் எடுத்துவந்து விளக்கம் கேட்டால், இது எந்தக் கட்டச் சோதனை, இந்நோயாளி அளவேற்றத்தில் எந்தப் படியில் சேர்கிறார், சேராவிடில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை யாது என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறியச் சொல்லலாம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு சோதனையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியப்படவேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம், பதிவெண் 'சி.டி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துக்களுடன் தொடங்கும்.